முப்பதாவது ஆள்

எங்கள் பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. காலையில் பாலம் தாண்டும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முதல் நிறுத்தத்தில் ஏறினால் பாலத்துக்கு ஐம்பது நிமிடம். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத எங்களுக்கெல்லாம் அந்த ஐம்பது நிமிடம்தான் படிப்பு. பாலத்துக்கு அப்புறம் இருபது நிமிடம் வம்பு, அரட்டை, அடுத்தவள் நோட்டைப் பார்த்து எழுதுவது எல்லாம். சட்டம் போட்டது நான். அதனால் எனக்கு 'லீடர்' என்று பெயர். பாதிப் பேர் மரியாதையாகவும் பாதிப் பேர் கிண்டலாகவும் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை சட்டத்தை நானே உடைத்தேன். கடைசி நிறுத்தம் தாண்டியதும் எழுந்து நின்று, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். முப்பது. ஒரு தலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"லீடர், பாலம் இன்னும் வரல" என்றாள் கணக்கு. அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அவளுடைய பாடத்தால் அல்ல. யார் எத்தனை முறை சட்டத்தை மீறினார்கள் என்று நினைவில் வைத்திருப்பதால்.

"பஸ்ஸே போகப்போகுது, உனக்குப் பாலம்தான் குறைச்சல்" என்றேன்.

முப்பதுக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்றால், எங்கள் பல்கலைக்கழகம் அப்போது வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. நான் சேர்ந்த வருடம் அங்கே இரவில் தங்கியவர்கள் ஒரு காவலாளியும் அவருடைய நாயும்தான். மாலை ஐந்து மணிக்கு நூலகத்தைப் பூட்டுவார்கள், உணவகத்தில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்ப்பார்கள், பேராசிரியர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நாங்கள் எழுந்து ஓடுவோம். மைதானத்தில் பதினொரு பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கும். பிறகு புதிய துணைவேந்தர் வந்தார். படிக்கிற இடத்திலேயே வாழ்ந்தால்தான் அது பல்கலைக்கழகம், இல்லாவிட்டால் டியூஷன் சென்டர் என்றார். பஸ்கள் நின்ற அதே மைதானத்தில் மூன்று விடுதிகள் எழும்பின. பஸ்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பதினொன்று ஐந்தாகி, ஐந்து மூன்றானது.

எங்களுடையது அந்த மூன்றில் ஒன்று. போக்குவரத்து அலுவலகம் ஒரு வாரம் கணக்கெடுக்கும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஐந்து நாளும் முப்பது பேர் வந்தால் பஸ் ஓடும். ஒரே ஒரு நாள் ஒரே ஒருவர் குறைந்தாலும் ஒன்றாம் தேதியிலிருந்து நிறுத்தம். பஸ் நின்றால் நாங்கள் இரண்டு டவுன் பஸ் மாறி, நெடுஞ்சாலை ஓரமாக அரை மணி நேரம் நடக்க வேண்டும். முதல் வகுப்பு தினமும் போகும். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத முடியாது. சும்மா மிரட்டல் இல்லை. போன பருவத்தில் வேறு பஸ்களில் வந்த ஒன்பது பேர் அப்படித்தான் படிப்பை விட்டுக் காணாமல் போனார்கள்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. மனு எழுதினேன். மனுவுக்கு ஒரு முகம் வேண்டுமே, அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அக்கா எங்களைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகி, மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்து, பிறகு படிக்க வந்தவள். என் நிறுத்தத்தில்தான் ஏறுவாள். ஈரத்தலையைக்கூடப் பின்னாமல் ஓடிவந்து உட்கார்ந்த மாத்திரத்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். பாலம் வரை நாங்கள் படிப்போம், அவள் தூங்குவாள். மனுவின் முதல் வரியே, 'நான்கு வயதுக் குழந்தையின் தாயான ஒரு மாணவி விடுதியில் தங்க முடியுமா?' என்பதுதான். எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து மெச்சிக்கொண்டேன்.

கையெழுத்துக்கு நீட்டியபோது அக்கா, "நான் கண்டிப்பா போடணுமா?" என்று கேட்டாள்.

"நீங்க போடாம வேற யாருக்கா போடுவா? உங்களுக்காகத்தானே எல்லாம்."

போட்டாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

திங்கள் தப்பியது. வாசலில் போக்குவரத்து கிளார்க் நின்றார், கட்டைவிரலால் தட்டினால் எண் ஏறும் சின்னக் கருவியோடு. நாங்கள் இறங்க இறங்க தட்டினார். முப்பது என்று காட்டியதும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை, நாங்கள் தூங்குமூஞ்சி என்று கூப்பிடும் பையனை நிறுத்தத்தில் காணவில்லை. டிரைவர் அண்ணன் வழக்கமான பாதையை விட்டு அவன் வீட்டுச் சந்துக்குள் பஸ்ஸைத் திருப்பி, விடாமல் ஹாரன் அடித்தார். பயல் வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து ஏறினான். புதன்கிழமை, பாலம் தாண்டியதும் தினமும் பாட ஆரம்பிக்கிற பாட்டுக்காரிக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல். போர்வையோடு கொண்டுவந்து உட்காரவைத்தோம், வாசலில் எண்ணி முடித்ததும் அதே போர்வையோடு நோயாளர் அறையில் படுக்கவைத்தோம். அவளுடைய அப்பா விடுதி என்ற வார்த்தையைக் கேட்டாலே கதவைச் சாத்துகிறவர். பஸ் நின்றால் அவள் படிப்பும் அன்றோடு சரி.

அந்தப் புதன்கிழமை மதியம்தான் என் பெயருக்குக் கடிதம் வந்தது.

பெண்கள் விடுதி, மூன்றாம் மாடி. மேசை ஒன்று, நாற்காலி ஒன்று, விளக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சாவியைப் பெற்றுக்கொள்ள வேண்டும், தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அதை ஏழு முறை படித்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு, இந்த எண்ணிக்கைக் கூத்தெல்லாம் வருவதற்கு முன்னால், போட்ட விண்ணப்பம் அது. எங்கள் வீடு இரண்டு அறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும் இரண்டு வாண்டுகளும், இன்னொன்றில் அம்மா, டிவி, தையல் மெஷின். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறையில் பாய் போட்டால் அது என் அறை. யாருக்காவது தாகம் எடுத்தால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். யார்மேலும் குறை சொல்லவில்லை, எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் எனக்கு ஒரு மேசை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மேசையை நினைத்து அழுதிருக்கிறேன்.

அம்மாவிடம் மட்டும் காட்டினேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு முறை படித்தாள்.

"அந்தப் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொல்றேன்."

"எப்போ?"

"எண்ணி முடிக்கட்டும்மா. வெள்ளிக்கிழமை காலையில எண்ணிக்கை முடிஞ்சிடும். நாலு மணிக்கு நான் சாவி வாங்கிக்கிறேன். பஸ்ஸும் ஓடும், எனக்கு ரூமும் ஆச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அப்போ நேரா சொல்ல வேண்டியதுதானே?"

பாத்திரம் கழுவப் போனேன். தேவைக்கு அதிகமாகவே சத்தம் வந்தது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். வியாழக்கிழமை என் பையில் அந்த ஒற்றைக் காகிதம்தான் இருந்தது, ஆனால் பையை யார் தொட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணக்கு பேனா கேட்டாள், நான் பையைக் கட்டிக்கொண்டு, "இல்ல" என்றேன். என் காதுக்குப் பின்னாலேயே பேனா செருகியிருந்தது. அன்றும் முப்பது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் யாருமே படிக்கவில்லை, ஆனால் பாலம் வரை சட்டத்தைக் காப்பாற்றினோம். பாலம் தாண்டியதும் தூங்குமூஞ்சி இருக்கைமேல் ஏறி நின்று, "இன்னும் ஒரே ஒரு வாசல்தான்!" என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அக்கா விழித்துக்கொண்டு, என்ன என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

வாசலில் கிளார்க் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே உள்ளே ஏறினார். கையில் கருவி இல்லை. ஒரு கோப்பு இருந்தது.

"எல்லாரும் உக்காருங்க. இன்னிக்குப் பேர் வாரியா பாக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"தட்டுற மெஷின் எங்க சார்?" என்றான் தூங்குமூஞ்சி.

"அது தலைய எண்ணும் தம்பி. ஆள எண்ணாது. விடுதியில ரூம் கிடைச்சவங்க பஸ் பயணி கணக்குல வர மாட்டாங்கன்னு நேத்து சாயங்காலம் ஆர்டர்."

என் கை பைக்குப் போனது. அவர் விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பெண்கள் விடுதிப் பட்டியல். விரல் மேலிருந்து கீழே வந்தது, நின்றது. என் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவதுபோல முழுசாக வாசித்தார்.

"யாரும்மா அது?"

கை தூக்கினேன்.

"ரூம் ஒதுக்கியாச்சு. ஒண்ணு கழியுது. இருபத்தொம்போது."

பஸ் முழுக்க என் பக்கம் திரும்பியது. பிறகு பாட்டுக்காரி, இன்னும் சளி போகாத குரலில், "லீடர்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காய்ச்சலோடு போர்வையில் சுற்றி நான் தூக்கிவந்தவள் அவள்.

"ஊருக்குத்தான் உபதேசம்" என்றாள் கணக்கு. "மனு எழுதினது யாரு, மாஞ்சு மாஞ்சு எண்ணினது யாரு! கடைசியில மேடம்தான் முதல்ல மூட்டையக் கட்டியிருக்காங்க."

"இன்னிக்குச் சாயங்காலம் சொல்லத்தான்…"

"சாயங்காலமா? எண்ணி முடிச்சப்புறமா?"

அவள் கணக்குப் போட்டுவிட்டாள். அவமானத்தில் காது சூடேறியது. அதைவிடக் கோபம் அதிகம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"சார், ரூம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா?" என்றேன்.

"கொடுத்தா உன்னைச் சேர்த்துக்கலாம். படிவம் இருக்கு." எல்லாவற்றுக்கும் அவரிடம் படிவம் இருந்தது.

இங்கே நான் பெரிய தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபத்தொன்பது பேர் முறைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் போட்டேன். மேசை, நாற்காலி, விளக்கு மூன்றும் ஒரே கையெழுத்தில் போயின. கிளார்க் வாங்கிப் பார்த்துவிட்டு, "முப்பது" என்றார். பஸ் முழுக்க மூச்சு விட்டது. தூங்குமூஞ்சி விசிலடித்தான்.

"இருங்க, இன்னும் முடியல" என்றார் கிளார்க். "இப்போ ஒரு ரூம் காலி. அது காத்திருப்புப் பட்டியல்ல முதல் ஆளுக்குப் போகும். அந்த ஆள் இந்த பஸ்ஸில இருந்தா அவங்களையும் கழிக்கணும்." இன்னொரு தாளை எடுத்தார். வாசித்தார்.

கணக்கின் பெயர்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. கணக்கு தரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள்.

"சும்மா போட்டு வச்சேன்" என்றாள்.

"மூட்டையக் கட்டிட்டியா, பாதியில இருக்கா?"

பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது பெயர் பாட்டுக்காரியுடையது. அப்பாவின் கையெழுத்தையும் அவளே போட்டு விண்ணப்பித்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்று உள்ளேயிருந்தே சொல்லி, கையை மட்டும் வெளியே நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உங்க லிஸ்ட் தனியா இருக்கு தம்பிகளா, அங்க ரூம் காலி இல்ல, அதான் கொண்டு வரல" என்று கிளார்க் சொன்னதும் தூங்குமூஞ்சியின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆக எல்லோரும்தான். ஒருவருக்கொருவர் தெரியாமல் எல்லோரும் அந்த மேசைக்கு வரிசையில் நின்றிருக்கிறோம். எனக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது மாதிரி இருந்தது. இனி யாரும் என்னைத் துரோகி என்று சொல்ல முடியாது என்று அற்பமாகச் சந்தோஷப்பட்டேன்.

"மூணாவது" என்று கிளார்க் வாசித்தார்.

அக்காவின் பெயர்.

இதுவும் சும்மா போட்டு வைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, "அக்கா, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க, இறங்கலாம்" என்று கணக்கு பேனாவை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. மடியில் இருந்த சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் போடல. எனக்கு அந்த ரூம் வேணும்."

"அக்கா, பாப்பா?" என்றாள் பாட்டுக்காரி.

"பாப்பாவ அவங்கப்பா பாத்துக்குவார். சனி, ஞாயிறு நான் போயிடுவேன். எங்க வீட்ல பேசி முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு." அவள் நிறுத்தவில்லை. "ரெண்டு பேப்பர் போயிடுச்சு எனக்கு. வீட்ல புத்தகத்தத் திறந்தா யாராவது ஏதாவது கேப்பாங்க. பஸ்ல திறந்தா தூக்கம் வருது. நீங்க எல்லாம் பாலம் வரைக்கும் படிப்பீங்க, நான் முழிச்சுப் பாக்கும்போது வாசல் வந்திருக்கும்."

"ஆனா இந்தப் போராட்டமே உங்களுக்காகத்தானே" என்றேன். எப்படிக் கத்தாமல் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நாலு வயசுக் குழந்தையோட அம்மான்னு எழுதினியே. அந்த அம்மாவ ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. நான் கண்டிப்பா போடணுமா என்று அவள் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது. கூச்சமாம்! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. பின்னாடி வண்டி நிக்குது" என்றார் கிளார்க். அவருடைய பேனாவின் முனை எண்ணிக்கை எழுதும் கட்டத்துக்கு மேலே நின்றது.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர்கள் எதற்குப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான்தான் லீடர். நான்தான் அறையை விட்டுக்கொடுத்தவள். 'நாங்க மூணு பேரும் விட்டோம், நீங்களும் விடுங்கக்கா' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அக்கா போட்டுவிடுவாள். அவள் சுபாவம் அது. மனுவிலும் அப்படித்தான் போட்டாள். சொல்லாவிட்டால் எனக்கு மேசையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பாட்டுக்காரிக்கு ஒன்றாம் தேதியோடு படிப்பு போகலாம். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

கணக்கு நீட்டியிருந்த பேனாவை அக்கா பார்த்தாள். பிறகு மெதுவாக அதை நோக்கிக் கையை நீட்ட ஆரம்பித்தாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவேயில்லை.

"இருபத்தொம்போதுன்னு எழுதுங்க சார்" என்றேன்.

அவர் எழுதினார். இறங்கும்போது கணக்கு என் தோளை இடித்துக்கொண்டு போனாள். பாட்டுக்காரி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

அன்று மாலையும் அதே பஸ்தான். சட்டம் காலைக்கு மட்டும்தான், ஆனாலும் பாலம் வரை யாரும் பேசவில்லை. பாலம் தாண்டியும் பேசவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தூங்குமூஞ்சி மட்டும், "வரேன் லீடர்" என்றான். அது கிண்டலா மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் டிரைவர் அண்ணனைத் தவிர நானும் அக்காவும்தான் மிச்சம். அவள் எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பையின் வாயில் சாவி தெரிந்தது. மூன்றாம் மாடியின் சாவி. சின்ன சாவிதான்.

"கோவமா?" என்றாள்.

"ஆமாக்கா. ரொம்பக் கோவம்."

"இருக்கும்." சாவியைப் பைக்குள் தள்ளிவிட்டு, "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேன்" என்றாள்.

"தெரியும்க்கா. அதான் சொல்லல."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று அவள் தூங்கவில்லை. எங்கள் நிறுத்தம் வந்ததும் இரண்டு பேரும் இறங்கி, அவரவர் தெருவுக்கு நடந்தோம்.